ஏழரை மாதக் குழந்தைக்குத் தண்ணீர்: சங்கா, சிப்பரா, டம்ளரா?

கேள்வி: பாலாற்றங்கரை (வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இந்த வாரத்தோடு ஏழரை மாதம் நிறைகிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தேன். அதன் பிறகு கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கி, இப்போது நாளைக்கு மூன்று வேளை சிறு கிண்ணத்தில் பாதியளவு உண்கிறாள். உணவைப் பொறுத்தவரை குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுப்பதில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் வெயிலை அறியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். கத்திரி தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. குழந்தையின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு. இந்த வெயிலில் அவள் உடம்பில் நீர் வற்றிவிடுமோ என்ற பயத்தில் என் மாமியார் சங்கை எடுத்துவிட்டார். கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, கன்னத்தை லேசாக அழுத்திச் சங்கின் மூக்கை வாயோரத்தில் வைத்து ஊற்றுகிறார். அவருடைய பிள்ளைகள் மூவரும் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்பதும், குழந்தைமேல் அவருக்கிருக்கும் அன்பு என்னுடையதைவிடக் குறைந்ததல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் மகள் இப்போது சங்கைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டு முதுகை வில்லாக வளைக்கிறாள். போன வாரம் இரண்டு முறை புரையேறிவிட்டது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி அத்தை உச்சியில் தட்டினார். முகம் சிவந்து அவள் மூச்சுக்குத் திணறிய அந்தச் சில நொடிகளில் எனக்கு உயிரே போய்விட்டது.

கடையில் இரண்டு சிப்பர் வாங்கினேன். ஒன்றின் மூக்கை அவள் கடித்து விளையாடுகிறாளே தவிர உறிஞ்சுவதில்லை. மற்றொன்று கவிழ்த்தாலும் சிந்தாத வகை. அதில் நானே இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் எளிதில் வரவில்லை. பால் புட்டியே வாங்கிவிடலாம் என்று என் ஓர்ப்படி சொல்கிறார். இதற்கிடையில் திட உணவு தொடங்கியதிலிருந்து மலம் ஆட்டுப் புழுக்கைபோல் இறுகி, முக்கி அழுகிறாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை எட்டு மணி முதல் மாலை நாலரை வரை குழந்தை அத்தையிடம்தான் இருப்பாள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டும், எதில் கொடுக்க வேண்டும், போதுமான அளவு குடித்தாள் என்பதை எப்படி அறிவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகுந்த உதவியாக இருக்கும். இளநீர், பசும்பால் இவற்றைப் பற்றியும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில் 1: பொருநை (திருநெல்வேலி, இரண்டு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, நீங்கள் வாங்கிய இரண்டு சிப்பரையும் ஓரமாக வைத்துவிட்டு, சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் ஆகச் சிறியதை எடுங்கள். பெயர் சூட்டு விழாவுக்குத் தாய்மாமன் சீராக வந்த வெள்ளி டம்ளர் பீரோவில் உறங்கிக்கொண்டிருந்தால் அதையே எடுக்கலாம். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்ததாக இருக்க வேண்டும். மடிப்பில்லாத மெல்லிய தகட்டு விளிம்பு குழந்தையின் உதட்டைக் கீறும். விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

என் இரண்டாவது மகளுக்கு நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். அவளை மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து, முதுகு என் இடது கையில் சாய்ந்திருக்குமாறு பிடித்துக்கொள்வேன். டம்ளரில் இரண்டு வாய் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். விளிம்பைக் கீழ் உதட்டின்மேல் மெல்ல வைத்து, தண்ணீர் உதட்டைத் தொடும்வரை மட்டும் சாய்த்து, அப்படியே அசையாமல் பிடித்திருப்பேன். அவ்வளவுதான் நம் வேலை. அதற்குமேல் சாய்த்தால் நாம் ஊற்றுகிறோம் என்று பொருள். முதலில் அவள் நாக்கை நீட்டி நாய்க்குட்டிபோல் நக்கினாள். பிறகு விளிம்பைக் கடித்தாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மேல் உதடு தானாகக் கீழே இறங்கித் தண்ணீரைத் தொட்டது; சிறு சத்தத்துடன் ஒரு வாய் உள்ளே போனது. விழுங்கிவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்பதுபோல் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் பத்து நாள் உள்ளே போவதைவிட நெஞ்சில் வழிவதுதான் அதிகமாக இருக்கும். உங்கள் ஊர் வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் அந்தக் கவலையும் இல்லை. அவள் டம்ளரைப் பற்றிக்கொள்ள வந்தால் விடுங்கள். அடியில் உங்கள் ஒரு விரல் தாங்கியிருந்தால் போதும். சாப்பாட்டுக்கு நடுவிலும் முடிவிலும் கொடுங்கள். பசியோ தூக்கமோ இருக்கும் நேரத்தில் பழக்கப்படுத்தப் பார்த்தால் டம்ளரைத் தட்டிவிடுவாள். நீங்கள் தண்ணீர் குடிக்கும்போது அவள் பார்க்கும்படி வாய் வைத்துக் குடியுங்கள். நம் வீடுகளில் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருப்பதால் உதடு டம்ளரில் படுவதையே குழந்தை பார்ப்பதில்லை. இந்தச் சில மாதத்துக்கு எச்சில் என்று பார்க்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பரை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், என் மூத்த மகனுக்கு அதைத்தான் கொடுத்தேன். சிந்தவில்லை, தரை நனையவில்லை என்ற நிம்மதியில் இரண்டரை வயதுவரை அது அவன் கையை விட்டு இறங்கவில்லை. பகலில் தண்ணீர், இரவில் சர்க்கரை போட்ட பால். படுத்தபடியே உறிஞ்சிக்கொண்டு தூங்கிவிடுவான். மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பேறி அரிக்கத் தொடங்கிய பிறகே பல் மருத்துவரிடம் ஓடினேன். சர்க்கரைப் பாலை வாயில் வைத்தபடி தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்து, பல்லைச் சுற்றிப் பால் தங்கிவிடுவதே காரணம் என்று அவர் விளக்கினார். அந்த மூன்று மாத அலைச்சலும் பிள்ளையின் அழுகையும் வேறு யாருக்கும் வர வேண்டாம். சிந்தாத மூடியில் உள்ள தடுப்பும் ஒரு காரணம். அதில் தண்ணீர் வர வேண்டுமானால் குழந்தை புட்டியை உறிஞ்சுவதுபோலவே இழுக்க வேண்டும். அதனால் உதட்டால் பருகக் கற்றுக்கொள்வதே தள்ளிப்போகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற செவிலியர் (மதுரை)

அன்புச் சகோதரிக்கு வணக்கம். குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், முதலில் உங்கள் பயத்தைக் குறைக்க விரும்புகிறேன். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம்வரை தண்ணீரே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும், வெப்பமான ஊர்களுக்கும் அது பொருந்துவதும் இதனால்தான். வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். சின்னஞ்சிறு வயிற்றில் தண்ணீரை நிரப்பினால் பாலுக்கு இடமிருக்காது, எடை ஏறாது. தண்ணீர் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கு வரும். அளவு மிஞ்சினால், முதிராத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். நீங்கள் ஆறு மாதம் உறுதியாக இருந்தது மிகவும் சரி.

இப்போது அளவைப் பற்றி. ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை ஒரு நாளைக்கு 120 முதல் 240 மி.லி. வரை தண்ணீர் போதுமானது. இதை இன்றே எட்டிவிட வேண்டும் என்பதில்லை. ஏழரை மாதத்தில் ஒவ்வொரு வேளை உணவோடும் மூன்று நான்கு வாய் பருகினால் அதுவே நல்ல தொடக்கம். பசியாறப் பால் இருக்கிறது, கூழிலும் பருப்புச் சாதத்திலும் தண்ணீர் இருக்கிறது. டம்ளர்த் தண்ணீர் இப்போதைக்குப் பழக்கத்துக்காகத்தான். ஒரு வயது முதல் மூன்று வயதுவரை பால், தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு மும்முரத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் தாகத்தைச் சொல்ல மாட்டார்கள். உணவின்போதும், வெளியில் போகுமுன்னும், வந்த பின்னும் நாம்தான் டம்ளரை நீட்ட வேண்டும். நீட்டுவதோடு நம் பொறுப்பு முடிகிறது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தக்கூடாது.

போதுமா என்பதை உள்ளே போன மி.லி. கணக்கில் தேடாதீர்கள், வெளியே வரும் சிறுநீரில் பாருங்கள். ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, அதன் நிறம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பகல் முழுவதும் டயப்பர் போட்டுவைத்தால் நிறமும் தெரியாது, எத்தனை முறை என்பதும் தெரியாது. வெயில் நாளில் வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுங்கள், வேர்க்குருவுக்கும் அது நல்லது. அடர் மஞ்சளாகி வாடை வந்தால் பாலையும் தண்ணீரையும் சற்றுக் கூட்டுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, கண்கள் குழி விழுந்திருக்கின்றன, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் சமநிலைக்குத் திரும்புகிறது, குழந்தை துவண்டு கிடக்கிறாள் என்ற நிலை வந்தால் வீட்டு வைத்தியம் எதையும் யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறைமாதத்தில் பிறந்து, முலையைப் பற்றி உறிஞ்ச வலுவில்லாத பிள்ளைகளுக்கு நாங்களே பாலாடை என்னும், சங்கைப்போல் மூக்குள்ள சிறு கிண்ணத்தில்தான் தாய்ப்பால் கொடுத்திருக்கிறோம். ஆகவே அந்தக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சில சொட்டுகள் கொடுத்து, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுப்போம். மல்லாக்கப் படுக்க வைத்து, கன்னத்தை அழுத்தி, அழும் வாயில் ஊற்றும்போது, மூச்சை உள்ளே இழுக்கும் நேரமும் தண்ணீர் தொண்டையில் இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அப்போதுதான் புரையேறுகிறது. புரையேறிய பாலும் எண்ணெயும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை புரையேறியதை அலட்சியப்படுத்த வேண்டாம். இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு ஏதும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். டம்ளரில் பருகும்போதும் தொடக்கத்தில் சிறிது இருமுவாள். அப்போது முன்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அவளே இருமித் தெளிந்துவிடுவாள்.

பால் புட்டியை ஆறு மாதம்வரை தேவைப்படாத குழந்தைக்கு இப்போது அறிமுகம் செய்வதில் பொருளே இல்லை. ஒரு வயதையொட்டி அதை நிறுத்தப் படாத பாடு படுவதற்காக இன்று வாங்க வேண்டுமா? நம் நாட்டில் பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை உங்கள் ஓர்ப்படியிடம் சொல்லுங்கள்.

குடிக்கும் தண்ணீர் எதுவானாலும், கேன் தண்ணீரே ஆனாலும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்தில் ஊற்றிக் கை விட்டு மொண்டால் கொதிக்கவைத்த பயன் போய்விடும். நீண்ட காம்புள்ள கரண்டியால் எடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன் கலந்த தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடல் தளர்ச்சியையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கக்கூடியது. தேநீர், காப்பி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. பழச்சாற்றை இரண்டு வயதுவரை கொடுக்க வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. பழத்தை மசித்துக் கொடுங்கள். இளநீரை எப்போதாவது ஒன்றிரண்டு கரண்டி சுவைக்கக் கொடுத்தால் தவறில்லை. தண்ணீருக்கும் பாலுக்கும் மாற்றாக்க வேண்டாம். பசும்பாலை ஒரு வயதுவரை முதன்மை உணவாகக் கொடுக்கக்கூடாது. அதன் பிறகும் நாளைக்கு அரை லிட்டருக்குமேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. வெள்ளை வெளேரென்று கொழுகொழுவென்று வரும் பால் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தால் சோகையாக இருக்கும்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர் ஒரு பாதிதான். வாழைப்பழத்துக்குப் பதிலாகச் சில நாள் நன்றாகப் பழுத்த பப்பாளியை மசித்துக் கொடுங்கள், பருப்புச் சாதத்தில் கீரையையும் சிறிது நெய்யையும் சேருங்கள். ஒரு வாரத்தில் இளகவில்லையென்றால், அல்லது மலத்தில் இரத்தம் தெரிந்தால், மருத்துவரைப் பாருங்கள்.

வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் செய்ய வேண்டியதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், குத்துமதிப்பான தண்ணீர் என்றால் உப்பின் அளவு மாறி ஆபத்தாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை நீராகப் போன பின்னும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். பாலை நிறுத்தவே கூடாது. உடன் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள்; இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கடையில் அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்கும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், போக்கை இன்னும் கூட்டும். அந்த எழுத்துகளைப் பானத்தின் பெயரில் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறைப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

பதில் 3: காவிரிப் பாட்டி (கும்பகோணம்)

மகளே, நான் நான்கு பிள்ளைகளையும் ஐந்து பேரப்பிள்ளைகளையும் சங்கில் ஊற்றி வளர்த்தவள். செவிலியர் அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் மனம் கசந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். என் மூன்றாவது பிள்ளைக்கு ஆறேழு மாதத்தில் மாறி மாறி மார்ச்சளி வந்து, மாதத்துக்கு இரண்டு முறை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். விளக்கெண்ணெயும் அப்படித்தான் புகட்டினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்று அந்நாளில் எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

உன் மாமியாரிடம் சங்கைப் பிடுங்கி ஒளித்துவைக்காதே. அந்தக் கை வெறுமையாகிவிடக்கூடாது. என் மருமகள் என்னிடம் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் சிறிய டம்ளரை என் கையில் கொடுத்து, அத்தை, நீங்கள் கொடுத்தால்தான் இவன் வாயைத் திறக்கிறான், இதில் பழக்கிவிடுங்கள் என்றாள். எனக்கு அந்தப் பொறுப்பே பெரிதாகத் தெரிந்தது. மூன்று வேளையும் நானே உட்கார்ந்து கொடுத்தேன். பேரன் டம்ளரில் வாய் வைக்கும்போது எனக்கே தெரியாமல் நானும் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். கடைசியில் அந்தச் சங்கு சாமி அலமாரியில் விபூதி வைக்கும் கிண்ணமாகிவிட்டது.

இன்னொன்றையும் உன் அத்தைக்குச் சொல். வெயிலுக்குப் பயந்து அடைத்துவைத்த அறையில்தான் பிள்ளைக்கு அதிகமாக வேர்க்கும். மதியம் ஜன்னலில் ஈரத்துணி கட்டிக் காற்று வரும்படி செய்து, தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் வியர்வையில் போகும் நீரும் குறையும். தாகத்தைத் தணிப்பதோடு தாகம் எடுக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

பதில் 4: இரு கோடுகள் (சென்னை, ஒன்றேகால் வயது மகனின் தந்தை)

அக்கா, டம்ளர்தான் முதலில் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் திறந்த டம்ளரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. அதற்கு ஸ்ட்ரா வைத்த கோப்பை ஒன்று இருந்தால் நல்லது. எங்கள் மகனுக்கு ஒன்பதாம் மாதத்தில் பழக்கினோம். ஸ்ட்ராவைத் தண்ணீரில் இறக்கி, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே சிறிது தண்ணீர் நிற்கும். விரலை எடுக்காமல் அதன் அடி முனையை அவன் வாயில் வைப்போம். உதட்டை மூடியதும் விரலை எடுத்தால் தண்ணீர் நாக்கில் இறங்கும். இப்படி நான்கைந்து முறை செய்ததும், குழலை உதட்டால் பிடித்தால் தண்ணீர் வருகிறது என்று புரிந்துகொண்டு, மூன்றாம் நாளே தானாக இழுத்தான். குழல் வாய்க்குள் ஆழமாகப் போகாமல் உதட்டைத் தாண்டிச் சிறிதளவே இருக்குமாறு குட்டையாக வெட்டிவிடுவது நல்லது. ஸ்ட்ராவை வாயில் வைத்தபடி நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும்.

கழுவுவதைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டினர் கொடுத்த பழைய சிப்பர் ஒன்றை நாங்கள் சில வாரம் பயன்படுத்தினோம். ஒரு நாள் மூடியில் இருந்த ரப்பர் தடுப்பைக் குண்டூசியால் நெம்பி எடுத்தபோது, அதன் அடியில் கறுப்புப் பூஞ்சை மை தடவியதுபோல் படர்ந்திருந்தது. தினமும் சோப்பு போட்டுக் கழுவிய கோப்பைதான் அது. அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டோம். ஒவ்வொரு துண்டாகக் கழற்ற முடிகிறதா, குழலுக்குள் நுழையும் மெல்லிய தூரிகை கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகளின் பால் புட்டிகளில் பிபிஏ என்னும் வேதிப்பொருள் இருக்கக்கூடாது என்று நம் நாட்டுத் தரநிர்ணயம் 2015-லேயே சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய காலத்துப் பழைய பிளாஸ்டிக் பொருள்களை யார் அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எவர்சில்வருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

மறுமொழி: பாலாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய நால்வருக்கும் என் நன்றி. இருமலோ காய்ச்சலோ இல்லாதபோதும் மனம் கேட்காமல் குழந்தையை மருத்துவரிடம் காட்டினேன். நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்றார்.

பாட்டி சொன்னபடியே டம்ளரை அத்தையின் கையில் கொடுத்தேன். முதல் இரண்டு நாள், இது எப்படித் தாகத்துக்குப் போதும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். துணி நனைவதை ஒரு நாட்காட்டித் தாளில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். எட்டுக் கோடு விழுந்த அன்று மாலை அவரே தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பிறகு சங்கைப் பற்றிய பேச்சு வரவில்லை. இப்போது டம்ளரைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருகிறாள். நான்கு வாய் பருகிவிட்டு, மிச்சத்தைத் தன் தொடையில் கவிழ்த்துக்கொள்கிறாள். பப்பாளியும் கீரையும் சேர்த்ததில் மலமும் இளகிவிட்டது.

மீதமிருப்பது ஒரு கேள்விதான். ஜூனில் நான் பள்ளிக்குச் சென்ற பிறகு, பீய்ச்சி வைத்த தாய்ப்பாலையும் இதே டம்ளரில் கொடுக்கலாமா? எங்கள் வீட்டு வெப்பத்தில் அதை எப்படி வைத்திருப்பது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் (மதுரை)

தாராளமாகக் கொடுக்கலாம். பாலுக்கு ஒரு டம்ளர், தண்ணீருக்கு ஒரு டம்ளர் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் அத்தைக்கும் குழப்பம் வராது. பீய்ச்சிய பால் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். மே, ஜூன் மாதங்களில் உங்கள் வீட்டு அறை அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது, எனவே வெளியே வைக்கவே வேண்டாம். பீய்ச்சியவுடன் மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உட்புறத்தில் வையுங்கள். நான்கு நாள்வரை கெடாது. தேதியை எழுதி ஒட்டி, பழையதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் பகுதியானால் மறுநாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கொடுக்கும்போது 50 மி.லி. போல் தனியே எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் கதகதப்பாக்க வேண்டும். நேராக அடுப்பில் சுட வைக்கக்கூடாது. மேலே ஆடைபோல் கொழுப்புப் பிரிந்து நின்றால் கெட்டுவிட்டதாக நினைத்து அத்தை கொட்டிவிடப் போகிறார். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று முன்பே சொல்லிவையுங்கள். குழந்தை வாய் வைத்த பாலில் மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து கொடுக்கக்கூடாது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருப்பதால், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தினமும் ஒரு வேளைப் பாலை அத்தை டம்ளரில் கொடுத்துப் பழகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். உங்கள் வாசனை பக்கத்தில் இருந்தால் டம்ளரைத் தொட மாட்டாள்.